தாமதமாக வந்த அண்ணன்: சித்திரைத் திருவிழாவை 32 பக்கத்தில் வரைவது

எழுத்தில் மழுப்பலாம், படத்தில் முடியாது. ஒரு வருடமாகக் குழந்தைகள் படப்புத்தகம் ஒன்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும் எனக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான். அந்தப் புத்தகம் என்னைத் தேட வைத்த வரலாற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

புத்தகத்தின் பொருள் மதுரைச் சித்திரைத் திருவிழா. ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. எழுத்து என்னுடையது, படங்கள் என் சித்தி மகளுடையவை. அவள் முறையாக ஓவியம் படித்தவள். நான் பகலில் சாஃப்ட்வேர் எழுதி, இரவில் தலபுராணம், கெஜட்டியர், ஆய்வேடு என்று மேய்கிற ஆசாமி.

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான் இருக்கும். அச்சுத் தாளை மடித்தால் 16 பக்கம், அதில் இரண்டு சேர்ந்தால் 32. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக, எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து விரிகிற பெரிய படங்கள் 14 தேறும். மீனாட்சி கோயிலில் 12 நாள் விழா, அதன் வாலைப் பிடித்தபடி அழகரின் பயணம், ரெண்டும் இந்த 14 படத்துக்குள் அடங்க வேண்டும்.

"முன்னொரு காலத்தில் மதுரையில்" என்று முதல் வரியை எழுத எனக்கு அஞ்சு செகண்டுகூட ஆகவில்லை. அன்று ராத்திரியே போன் வந்தது. "அண்ணே, முன்னொரு காலம்னா எந்தக் காலம்? ஆத்துல பாலம் இருக்கா, இல்லையா?"

ஐரோப்பாவில் குழந்தைகளுக்காக அச்சான முதல் படப்புத்தகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது கொமீனியஸின் 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்'. 1658-இல் நியூரம்பர்க்கில் வெளிவந்தது. அதன் முறை எளிது. ஒரு படம், படத்தில் உள்ள பொருட்களுக்கு எண்கள், கீழே அந்த எண்களுக்குரிய சொற்கள் லத்தீனிலும் ஜெர்மனிலும். எண் கொடுத்துவிட்டால் அந்தப் பொருளை வரைந்தே ஆக வேண்டும், "முதலியன" என்று தப்பிக்க வழியில்லை. அந்த 1658-இல்தான் இங்கே மதுரையில் திருமலை நாயக்கரின் ஆட்சி முடியும் தறுவாயில் இருந்தது (1623–1659). இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் என் கதையில் அவர் அடிக்கடி வருவார், அதனால் வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வருடத்து மதுரை?

பாலக் கேள்விக்கு வருவோம். வைகைக்குக் குறுக்கே உள்ள ஏ.வி. பாலம் 1889-இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய மதுரை என்றால் பாலம் கூடாது. ஆற்றில் தண்ணீர்? வைகை அணை 1959-இல் வந்தது. இன்று அழகர் இறங்குவதற்கென்றே அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். அதற்கு முன் வானம் என்ன கொடுத்ததோ அதுதான் ஆற்றில் ஓடியது. கோட்டை மதில்? 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்துவிட்டார்கள். அதற்கு முன் மதில் இல்லாமல் மதுரையை வரைய முடியாது. கோபுரங்கள்? நான்கு பெரிய வெளிக்கோபுரங்களில் வடக்குக் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மேல் நிலைகள் இல்லாமல்தான் நின்றது. மொட்டைக் கோபுரம் என்ற பெயர் அதனால்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, பாலம், தண்ணீர், மதில், மொட்டைக் கோபுரம் என்ற நான்கையும் முடிவு செய்தால் "முன்னொரு காலம்" ஒரு டேட் ரேஞ்சாக மாறிவிடுகிறது!

இதற்கு விடை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. பொற்றாமரைக் குளக்கரை ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில் மீனாட்சி திருக்கல்யாண ஓவியம் உண்டு. தெய்வக் கல்யாணம் நடக்கிற அந்த ஓவியத்தில் ராணி மங்கம்மாளும் (1689–1706) சிறுவனான பேரன் விஜயரங்க சொக்கநாதரும் இருக்கிறார்கள். புராணக் கல்யாணத்துக்கு நாயக்கர் காலத்து ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று அந்த ஓவியர் கவலைப்படவே இல்லை. கல்யாணம் வருஷா வருஷம் நடக்கிறது, இந்த வருஷம் வந்தவர்களை வரைவோம் என்று வரைந்திருக்கிறார்.

நாங்களும் அந்த வழியே போனோம். கதை இன்றைய மதுரையில் நடக்கிறது. பாலம் உண்டு, அதில் நெரியும் கூட்டம் உண்டு, தோளில் பிள்ளையைத் தூக்கிவைத்த அப்பாக்கள் உண்டு, தூக்கிப் பிடித்த செல்போன்களும் உண்டு. ஒரே ஒரு விரிப்பு மட்டும் 1650-கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கல்யாணத்தில் நிற்கும் அண்ணன் யார்?

மதுரையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கதை இதுதான். மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் சீர்வரிசையோடு மலையிலிருந்து கிளம்புகிறார். வழி நெடுக மக்கள் நிறுத்தி நிறுத்தி உபசரிக்கிறார்கள். ஆற்றங்கரைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. அண்ணனுக்குக் கோபம். ஊருக்குள் வராமல் ஆற்றில் இறங்கிவிட்டு அப்படியே வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார்.

பாட்டி சொல்லும்போது ஒரு கேள்வியும் எழாது. கல்யாணப் படத்தை வரைய உட்கார்ந்தால் சிக்கல் வந்துவிடும். ஏனென்றால் மீனாட்சி கல்யாணத்தின் புகழ்பெற்ற உருவம் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கிறது. அதில் சுந்தரேசுவரர், நடுவில் நாணி நிற்கும் மீனாட்சி, மறுபக்கம் தாரை வார்த்துக் கொடுக்கிற திருமால். அண்ணன் கல்யாணத்தில்தான் நிற்கிறார்! பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்திலும் திருமால் தாமதமாக வருவதில்லை, முன்னின்று தாரை வார்க்கிறார்.

இன்றைய விழாவிலும் அப்படியே. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார், கூடவே பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் அண்ணன் அவர்தான். நேரத்துக்கு வந்துவிடுகிறார், எந்தக் கோபமும் இல்லை.

அழகர்கோயில் பக்கம் போய்க் கேட்டால் அவர் வருகைக்கு வேறு காரணம் சொல்வார்கள். சுதபஸ் என்ற முனிவர் அழகர்மலையில் நூபுர கங்கைப் பக்கம் தவத்தில் இருந்தார். துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. துர்வாசருக்குக் கோபம் வரக் கேட்க வேண்டுமா? தவளையாகப் போ என்று சாபம். மண்டூகமாகிப்போன அந்த முனிவர் வைகையில் காத்திருக்க, அவருக்கு விமோசனம் கொடுக்கத்தான் அழகர் வருகிறார். கல்யாணம் என்ற பேச்சே இந்தக் கதையில் கிடையாது.

ஒரு விழா, இரண்டு காரணங்கள். எதை வரைவது?

இரண்டு காலண்டர்கள்

எனக்குத் தொழில் புத்தி போகாது. கதையைத் தள்ளி வைத்துவிட்டுத் தேதிகளை எடுத்து அட்டவணை போட்டேன். 2023-இல் திருக்கல்யாணம் மே 2, அழகர் ஆற்றில் இறங்கியது மே 5. 2024-இல் ஏப்ரல் 21, ஏப்ரல் 23. 2025-இல் மே 8, மே 12. இடைவெளி முறையே 3 நாள், 2 நாள், 4 நாள்.

ஒரே விழாவின் இரண்டு நிகழ்ச்சிகள் என்றால் இடைவெளி மாறக்கூடாது. மாறுகிறது. காரணம், அழகர் சித்ரா பௌர்ணமியைப் பார்க்கிறார். மீனாட்சி கோயிலின் 12 நாள் கணக்கு தனி. கொடியேறிய பிறகு 8-ஆம் நாள் பட்டாபிஷேகம், 9-இல் திக்விஜயம், 10-இல் கல்யாணம், 11-இல் தேர் என்று அது தன் பாட்டுக்கு ஓடுகிறது. 2025-இல் அழகர் மலையை விட்டுக் கிளம்பியதே மே 10 மாலைதான். கல்யாணம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வழியில் யாரும் நிறுத்தவே இல்லை என்றாலும் அவரால் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்க முடியாது.

டென்னிஸ் ஹட்சன் என்ற ஆய்வாளர் 1982-இல் வெளிவந்த தன் கட்டுரையின் தலைப்பிலேயே மதுரையின் 'இரண்டு' சித்திரை விழாக்கள் என்று சொல்லிவிட்டார். எப்படி ஒன்றாகின? மதுரையின் வழக்கு திருமலை நாயக்கரைக் கைகாட்டுகிறது. அவருக்கு முன் மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன. அழகரோ சித்திரையில், சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் ஆற்றில் இறங்கினார். மாசி அறுவடைக் காலம், தேர் இழுக்க ஆள் கிடைக்காது. நாயக்கர் மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு நகர்த்தினார், அழகரைத் தேனூரிலிருந்து மதுரைக்கு நகர்த்தினார். ஒன்று காலத்தில் நகர்ந்தது, இன்னொன்று இடத்தில் நகர்ந்தது.

இதற்குச் சாட்சி வேண்டுமா? மதுரை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரம். சித்திரைத் தேர் ஓடுவது எந்த வீதியில்? சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில்! மாதம் மாறிவிட்டது, தேர் பழைய தடத்திலேயே ஓடுகிறது. அதேபோல வண்டியூரில் மண்டூக முனிவருக்கு விமோசனம் நடக்கும் மண்டபத்தின் பெயர் தேனூர் மண்டபம். விழா இடம் மாறியபோது பழைய ஊரின் பெயரும் கூடவே வந்திருக்கிறது.

என் வேலையில் இது பழகிய காட்சி. ரெண்டு கம்பெனிகள் ஒன்றானால் ரெண்டு சம்பளக் கணக்கு சாஃப்ட்வேரையும் இணைக்கச் சொல்வார்கள். இணைத்துவிடலாம். ஆனால் மாதக் கடைசித் தேதி ரெண்டிலும் வேறுவேறாக இருக்கும், எங்கோ ஒரு ரிப்போர்ட்டில் அது துருத்திக்கொண்டு நிற்கும். மதுரையில் துருத்திக்கொண்டு நின்ற கேள்வி, பக்கத்திலேயே இருந்தும் அழகர் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்பது. அரசாணையிலும் புராணத்திலும் அதற்குப் பதில் இல்லை. மக்கள் தங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு லேட்டாக வந்து கோபித்துக்கொண்டு போகிற தாய்மாமன் எந்த வீட்டில் இல்லை?

ஆகவே 'தாமதமாக வந்த அண்ணன்' கதையைப் புராணத்தில் இல்லை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு விழாக்களைச் சேர்த்துத் தைத்த இடம் அதில்தான் தெரிகிறது என்பது என் வாசிப்பு.

1650-களின் விரிப்பு இதற்காகத்தான். "ஊருக்குள் வரமாட்டேன்" என்று அழகர் சொன்னால் இன்றைய பிள்ளைக்குப் புரியாது. அவர் வந்து தங்கும் தல்லாகுளமே மதுரைதானே? மதிலோடு கூடிய பழைய நகரத்தை ஆற்றுக்குத் தெற்கே வரைந்து, வடகரையில் அழகரை நிறுத்தினால் ஒரு பார்வையில் புரிந்துவிடும். ஊர் மதிலுக்குள் இருந்தது, அழகர் ஆற்றோடு திரும்பினார். பிறகு ஊர்தான் வளர்ந்து ஆற்றைத் தாண்டி அவரிடம் வந்தது.

சரி, முனிவர்? விடவில்லை. எல்லா விரிப்பிலும் எங்காவது ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கடைசிக்கு முந்தைய படத்தில் தேனூர் மண்டபத்தில் அது முனிவராக எழுந்து நிற்கும்.

வேடம்

அதிகம் யோசித்தது ஐந்தாவது விரிப்புக்கு. அழகர் மலையிலிருந்து கிளம்பும்போது கள்ளர் வேடத்தில் வருகிறார். கொண்டை, காதில் கடுக்கன், கறுப்புப் புடவை, கையில் வளைதடியும் கம்பும். கள்ளழகர் என்ற பெயருக்குச் சுலபமான விளக்கம் ஒன்று உண்டு, "உள்ளத்தைத் திருடுகிறவர்" என்று. இனிமையான விளக்கம். ஆனால் கொண்டையையும் வளைதடியையும் அது விளக்காது. அவை அழகர்மலையைச் சுற்றி வாழும் கள்ளர் சமூகத்தின் அடையாளங்கள். தொ. பரமசிவன் தன் 'அழகர் கோயில்' நூலில் (மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1989) கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று இந்தக் கோயிலோடு உறவுள்ள சமூகங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தார். இந்த விழாவில் பெருமாள் எளிய மக்களின் உடையில் இறங்கி வருகிறார் என்பதுதான் செய்தியே.

ஆனால் "கள்ளர்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் தலைக்குள் வருகிற படம் எது? பெரிய மீசை, முகமூடி, கோடு போட்ட பனியன், முதுகில் மூட்டை. கார்ட்டூன் திருடன். சிரிக்க வைக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதை வரைந்தால் என்ன என்று கேட்கலாம்.

1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் காவலில் படுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் நீங்க 1947 ஆயிற்று. அழகர்மலைப் பக்கத்துக் கள்ளர்களும் பிரமலைக் கள்ளர்களும் வேறு பிரிவினர்தான். ஆனால் பெயர் ஒன்று, ஒரு பெயரைத் திருட்டு என்று மட்டும் படிக்கிற பழக்கம் யார் மேல் போய் விழும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. எங்கள் புத்தகத்தை மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பிள்ளைகள் வகுப்பில் சத்தமாகப் படிக்கும். பக்கத்து பெஞ்சுப் பையன் படத்தைக் காட்டி, "டேய், இது நீதான்" என்று சிரிக்கக் கூடாது. 14 படங்களில் தவறவே கூடாது என்று நாங்கள் பயந்தது இந்த ஒன்றில்தான்.

அவள் கண்டுபிடித்த தீர்வு எனக்குத் தோன்றியிருக்காது. அழகரைக் கம்பீரமாகக் கொண்டை, கடுக்கனோடு பல்லக்கில் வரைந்தாள். சாலையோரக் கூட்டத்தில் ஒரு தாத்தா நிற்கிறார். அதே கொண்டை, அதே கடுக்கன். தோளில் இருக்கும் பேத்தி, தாத்தா தலையையும் சாமி தலையையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்துக்கு நான் எழுதிய நான்கு வரியையும் அடித்துவிட்டு, ஒரே வரி வைத்தோம்: "தாத்தா, சாமி உன்ன மாதிரியே இருக்கு!"

வண்டியூர் ராத்திரி

ஆற்றில் இறங்கும் படம் எல்லோருக்கும் தெரிந்தது. தங்கக் குதிரை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலை, வெள்ளிக்குதிரையில் எதிர்கொள்ளும் வீரராகவப் பெருமாள், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள். பட்டின் நிறத்தை வைத்து அந்த வருட மழையும் விளைச்சலும் பேசுவார்கள். எங்கள் அழகருக்குப் பச்சை, செழிப்பின் நிறம்.

அதற்கு அடுத்த விரிப்பில்தான் மறுபடி முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அன்றிரவு அழகர் வண்டியூரில் தங்குகிறார். கோயில் கணக்குப்படி வீரராகவப் பெருமாள் கோயிலில். ஊர்ப் பேச்சிலோ துலுக்க நாச்சியார் வீட்டில். அழகர்மேல் அன்பு கொண்ட முஸ்லிம் பெண் என்று மக்கள் சொல்லும் கதை அது. குழந்தைப் புத்தகத்தில் இதை விட்டுவிடுவது சுலபம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நாயக்கர் செய்த மாற்றத்தையே கதையாகச் சேமித்து வைத்த அதே வாய்கள்தானே இதையும் சொல்கின்றன? அதை நம்பிவிட்டு இதை மட்டும் விடுவது நியாயமாகப் படவில்லை. எனவே ராத்திரிப் படத்தில் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா தெரியும். வண்டியூரில் கதவோரம் விளக்கோடு ஒருத்தி நிற்பாள். "அங்கே அவருக்காகத் துலுக்க நாச்சியார் காத்திருப்பாள் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள்." அவ்வளவுதான் எழுத்து.

கடைசி விரிப்பு திரும்பும் பயணம். தசாவதாரம், பூப்பல்லக்கு எல்லாம் முடிந்து, நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள் தாண்டி, கூடவே உண்டியல் வண்டிகளும் உருள, அழகர் மலை சேருகிறார். பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழிக்கிறார்கள். வாசலில் காவல் நிற்பது பதினெட்டாம்படிக் கருப்பு. புத்தகத்தின் கடைசி வரியை அவரிடம் அழகர் சொல்கிறார்: "அடுத்த வருஷமாவது நேரத்தோட கிளம்பணும் கருப்பு."

கருப்பு பதில் சொல்வதில்லை. பௌர்ணமிக் கணக்கை மீறிக் கிளம்ப முடியாது என்று இருவருக்கும் தெரியும்.